எய்டர்: பொருந்தாவிட்டால் கை வைக்காது

ஈரோட்டு மஞ்சள் மண்டிகள் சிலவற்றுக்கு பில் போடும் சாஃப்ட்வேரை எழுதிப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. மூட்டை எண்ணிக்கை, எடை, சாக்குக் கழிவு, கூலி, கமிஷன், கடைசியில் விவசாயி கைக்குப் போகும் தொகை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' மூவாயிரத்துச் சொச்சம் வரி பைத்தானாக ஒரே ஃபைலில் கிடக்கிறது. ஏன் பிரித்து வைக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம், பெயர் வேண்டாம், அந்த ஃபைலைக் கொடுத்து ரசீதில் தேதி வரும் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். மாற்றியது, அழகாகவே மாற்றியது. இரண்டு நாள் கழித்து மண்டியிலிருந்து கணக்குப்பிள்ளை போன் செய்தார். "ஏனுங்க தம்பி, கூலி கழியவே மாட்டேங்குதுங்களே. விவசாயிக எல்லாம் சந்தோசமா வாங்கிட்டுப் போறாங்க." திறந்து பார்த்தேன். கூலியைக் கழிக்கும் பதினோரு வரி இருந்த இடத்தில் ஒரே ஒரு குறிப்பு வரி: 'மீதி கோடு முன்பு இருந்தபடியே'. முழு ஃபைலையும் முதலிலிருந்து திரும்ப எழுதிய ஏஜென்ட், நடுவில் சோம்பல் முறித்துவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்குப் பார்த்து நான் கமிட்டும் (கிட் என்ற கருவியில் அந்த நேரத்துக் கோடைப் பதிந்து வைப்பது) போட்டிருக்கவில்லை. 'பில் புதுசு கடைசி 2' என்ற பெயரில் இருந்த ஒரு ஜிப் ஃபைல்தான் மானத்தைக் காப்பாற்றியது.

அதிலிருந்து எந்த ஏஐ கருவியைப் பார்த்தாலும், மாடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அது எழுதியதை என் ஃபைலுக்குள் எப்படிக் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் சொன்ன முதல் கருவி எய்டர். சில மாதமாகத் தினமும் அதில்தான் வேலை. போன மாதம் எங்களிடம் இரண்டு பையன்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு உபயோகக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். குறிப்பு எட்டுப் பக்கம் ஆனது. அதில் பையன்களுக்குத் தேவைப்படாத ஆறு பக்கம்தான் இந்த விமர்சனம்.

எய்டரைத் தெரியாதவர்களுக்கு: பால் கோத்தியர் என்பவர் 2023-இல் வெளியிட்ட திறந்த மூலக் கருவி. அப்பாச்சி 2.0 உரிமம், காசு கிடையாது. மாடலுக்கான காசு மட்டும் நம்முடையது. ஓப்பன்ஏஐ, அந்த்ரோபிக், கூகுள் எதுவானாலும் சாவியைக் கொடுத்து இணைத்துக்கொள்ளலாம். ஓலாமா வழியாக நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும் மாடலையும் மாட்டலாம். கறுப்பு டெர்மினலில் ஓடும், பட்டன் எதுவும் இல்லை. நிறுவுவது இரண்டு கட்டளை வேலை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விஷயம் திருத்தும் முறையில் இருக்கிறது. எய்டர் பெரும்பாலான பெரிய மாடல்களிடம் முழு ஃபைலைத் திரும்ப எழுதச் சொல்வதில்லை. இரண்டு துண்டு கேட்கிறது. முதல் துண்டு 'சர்ச்': ஃபைலில் இப்போது இருக்கும் வரிகள், எழுத்துக்கு எழுத்து அப்படியே, உள்தள்ளல் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி), குறிப்பு வரி எல்லாம் சேர்த்து. இரண்டாவது துண்டு 'ரீப்ளேஸ்': அந்த இடத்தில் வர வேண்டியது. கிட்டில் இரண்டு பேர் ஒரே வரியை மாற்றிவிட்டால் முட்டிக்கொண்டு நிற்குமே, ஏழு அம்புக்குறி, ஏழு சமக்குறி என்று, அதே வடிவம்தான். மாடல்கள் அந்த வடிவத்தைப் பார்த்துப் பழகியவை, அதனால் அதில் எழுத அவற்றுக்குத் தடுமாற்றம் இல்லை.

மாடல் சொன்ன பழைய வரிகள் ஃபைலில் இருந்தால் மாற்றம் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. உள்தள்ளல் மொத்தமாக நாலு இடம் தள்ளிப்போயிருப்பது மாதிரிச் சின்னப் பிசகுகளை மட்டும் அதுவே சரிக்கட்டிக்கொள்ளும். மற்றபடி 'இந்த வரிகள் ஃபைலில் இல்லை' என்று மாடலிடமே திருப்பி அனுப்பிவிடும். கூடவே, 'நீ சொல்ல வந்தது இதுவா' என்று ஃபைலில் உள்ள கிட்டத்தட்ட ஒத்த வரிகளையும் காட்டும். மாடல் திருத்திக்கொண்டு மறுபடி அனுப்ப வேண்டும். மூன்று முறை இப்படித் திரும்பினால் போதும் என்று நிறுத்திவிடும்.

வரி எண் சொல்லி மாற்றச் சொன்னால் என்ன என்று பையன்களில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். '412-ஆம் வரியை மாற்று' என்பது நமக்குச் சுலபம். மாடல்களுக்கு வரி எண்ணத் தெரியாது. 412 என்று சொல்லிவிட்டு 409-இல் இருப்பதை மனதில் வைத்திருக்கும். 409-ஐ மாற்றச் சொல்லி 412 மாறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, மார்ச்சில் மண்டியில் கூட்டம் சேரும்போதுதான் தெரியும். பழைய வரியையே எழுதிக் காட்டச் சொன்னால், தான் எதை மாற்றப்போகிறது என்பதை மாடல் தெரிந்து வைத்திருக்கிறதா என்று அங்கேயே சோதித்த மாதிரி. வங்கியில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்கிறார்களே, அது மாதிரி.

சோம்பல் கதைக்கும் எய்டரில் ஒரு வரலாறு உண்டு. ஜிபிடி-4 டர்போ வந்த புதிதில், 'மீதியை இங்கே எழுதிக்கொள்ளவும்' என்று குறிப்பு வைத்துவிட்டு நழுவும் பழக்கம் அதற்கு அதிகம். எய்டர் தரப்பில் 2023 டிசம்பரில் இதை அளந்தே பார்த்தார்கள். பைத்தான் கோடைத் திருத்தியமைக்கும் 89 வேலைகள். அப்போதிருந்த சர்ச்-ரீப்ளேஸ் வடிவத்தில் 20 சதவீதம்தான் தேறியது. டிஃப் (பழைய வரியையும் புது வரியையும் பக்கத்தில் வைத்து மாற்றத்தைக் காட்டுவது) போன்ற இன்னொரு வடிவத்தில் கேட்டபோது அதே மாடல் 61 சதவீதம் எடுத்தது. சோம்பேறிக் குறிப்பு வந்த வேலைகள் 12-இலிருந்து 4 ஆகக் குறைந்தன. அதே மாடல், அதே வேலை, கேட்ட விதம் மட்டும்தான் வேறு. இதைப் படித்தபோது என் பதினோரு வரி ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். 2024 ஆகஸ்டில் இன்னொன்றும் அளந்தார்கள்: கோடை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்குள் பொதிந்து தரச் சொன்னால் மாடல் எழுதும் கோடின் தரமே குறைகிறது. ஒவ்வொரு மேற்கோள் குறிக்கு முன்னாலும் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டுக்கொண்டே யோசிப்பது மாடலுக்கும் சிரமம் போல.

இப்படி அளக்கும் பழக்கம்தான் எனக்கு எய்டரிடம் ரொம்பப் பிடித்தது. அவர்களுடைய மாடல் பட்டியலில், ஆறு மொழிகளில் 225 பயிற்சிக் கணக்குகளில் எந்த மாடல் எத்தனை தேறியது என்று போட்டிருப்பார்கள். எல்லோரும் பார்ப்பது அந்த எண்ணைத்தான். நான் பார்ப்பது பக்கத்துப் பத்தியை: கேட்ட திருத்த வடிவத்தைச் சரியாகக் கடைப்பிடித்தது எத்தனை சதவீதம் என்று ஒரு பத்தி. மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்தப் பத்தியில் சறுக்கும் மாடலை மண்டி ஃபைல் பக்கம் விடமாட்டேன். கம்ப்யூட்டரிலேயே ஓடும் சின்ன மாடல்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கோடு வெளியே போகக் கூடாது என்று ஒரு மண்டிக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அவருக்கு மட்டும் அப்படி ஒரு மாடலை வைத்திருக்கிறேன். அதில் வேலை மெதுவாகத்தான் போகும். சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கமிட். எய்டர் ஒவ்வொரு திருத்தத்தையும் உடனே கிட்டில் கமிட் செய்துவிடும். கமிட்டுக்குச் செய்தியும் அதுவே எழுதிக்கொள்ளும், எய்டர் போட்டது என்ற அடையாளமும் இருக்கும். நாம் கையால் ஏதாவது மாற்றி, கமிட் போடாமல் விட்டிருந்தால், அந்த ஃபைலைத் தொடும் முன் நம் மாற்றத்தைத் தனியாக ஒரு கமிட்டாகப் போட்டுவிட்டுத்தான் தன் வேலையை ஆரம்பிக்கும். என்னைப் போன்ற ஜிப் ஃபைல் ஆசாமிக்கு இது கோயில் பிரசாதம். எது நான் செய்தது, எது அது செய்தது என்ற சண்டையே வராது.

பிடிக்கவில்லையா, அண்டூ என்று ஒரு கட்டளை, கடைசித் திருத்தம் போய்விடும். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாது. கடைசி கமிட் இந்த உரையாடலில் எய்டர் போட்டதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சர்வருக்குத் தள்ளிவிட்டிருந்தால் மறுத்துவிடும். பையன் ஒருவன் தான் போட்ட கமிட்டை எய்டரை வைத்து அழிக்கப் பார்த்தான். 'இது நான் போட்டதில்லை' என்று சொல்லிவிட்டது. "என்னங்ணா, ரொம்பக் கறாரா இருக்குது" என்றான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஃபைல்களையும் நாம்தான் உரையாடலுக்குள் சேர்க்க வேண்டும். சேர்க்காத ஃபைலை மாடல் திருத்தப் பார்த்தால், விடலாமா என்று கேட்கும். புது ஃபைல் உருவாக்கவும் கேட்கும். டெர்மினல் கட்டளை ஓட்டவும் கேட்கும். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு 'ஆம்' என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. பையன்களுக்கான குறிப்பில் அதை எழுதவில்லை. சிலவற்றைத் தெரியாமல் இருப்பதே நல்லது.

இனி, எனக்கு நடந்த ஒன்று. தமிழில் பில் அடிப்பவர்களுக்கு இது உதவலாம்.

கழிவு ஃபங்ஷனில் 'மொத்த கிலோ' என்று ரசீதில் அச்சாகும் ஒரு வரி. அதை 'நிகர கிலோ' என்று மாற்றச் சொன்னேன். ஒரு சொல், ஒரு வரி. பொருந்தவில்லை என்று எய்டர் திருப்பி அனுப்பியது. 'இதுவா' என்று ஃபைலில் உள்ள வரியைக் காட்டியது. மாடல் எழுதியதையும் ஃபைலில் இருப்பதையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். இரண்டும் 'மொத்த கிலோ'. மாடல் மறுபடி அதையே அனுப்பியது, மறுபடி பொருந்தவில்லை. மூன்று முறை ஆனதும் நின்றுவிட்டது. பையனைக் கூப்பிட்டேன். மூக்கு ஸ்கிரீனில் படும்படி பார்த்துவிட்டு, "அண்ணா, ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்கு" என்றான்.

எனக்கும் கொஞ்சம் கோபம்தான். கருவி கிறுக்குப் பிடித்ததோ என்று நினைத்தேன். அப்புறம் ஏதோ தோன்றி, ஃபைலில் 'கிலோ'வின் கடைசியில் கர்சரை வைத்து ஒரே ஒரு பேக்ஸ்பேஸ் தட்டினேன். 'கிலே' என்று நின்றது. நான் புதிதாகத் தட்டச்சு செய்த 'கிலோ'வில் அதே மாதிரித் தட்டினால் 'கில' என்று நின்றது. அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக ஒன்று. முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து வைப்பது இன்னொன்று. ஒகரத்துக்கும் இதே கதைதான், கொம்பு மட்டும் ஒற்றை. ஸ்கிரீனில் இம்மி வித்தியாசம் தெரியாது, பிரிண்டரிலும் தெரியாது. உள்ளே இருக்கும் எண்கள் வேறு. இந்த ஃபைலில் இருந்த தமிழெல்லாம், யூனிகோடு வருவதற்கு முந்தைய ஒரு ஃபான்ட்டில் நான் தட்டியது. பிறகு நானே அரைகுறையாக எழுதிய ஒரு கன்வெர்ட்டரில் போட்டு மாற்றினேன். அது கொம்பையும் காலையும் பிரித்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. மாடல் எழுதும் தமிழ் சேர்ந்த குறியாக வருகிறது. 'மொ'வும் 'லோ'வும் ஒரே வரியில் இருந்தால் எப்படிப் பொருந்தும்?

தேடும்போது ஏன் சில பெயர் வரவில்லை என்று ஒரு மண்டியில் ரொம்ப நாளாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'கோபால்' என்று தட்டினால் பழைய கோபால்கள் வரமாட்டார்கள், புதிய கோபால்கள் மட்டும் வருவார்கள். இத்தனை வருடமாகக் கணக்குப்பிள்ளை தப்பாகத் தட்டுகிறார் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. "இருக்கட்டும்ங்க தம்பி" என்றார், ஆனால் சிரிக்கவில்லை.

ஏறக்குறைய ஒத்துப்போனாலே போதும் என்று தாராளமாக நடந்துகொள்ளும் கருவியாக இருந்திருந்தால் அந்த வரி அன்று மாறியிருக்கும், நானும் டீ குடிக்கப் போயிருப்பேன். பிசகு உள்ளேயே கிடந்திருக்கும். பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று சொன்னதால்தான் கன்வெர்ட்டர் மாட்டியது.

இவ்வளவு பாராட்டியாகிவிட்டது. குறைகளும் சொல்ல வேண்டும், குறிப்பாக ஒன்று.

சர்ச் துண்டு ஃபைலில் இரண்டு இடத்தில் பொருந்தினால் எய்டர் முதல் இடத்தை மாற்றும். இது ஒளிவுமறைவாக நடப்பதில்லை. முதலில் பொருந்தும் இடம் மட்டுமே மாறும், ஆகவே தனித்து அடையாளம் தெரிகிற அளவுக்கு வரிகளைச் சேர்த்துக் கொடு என்று மாடலுக்குத் தரும் அறிவுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அறிவுரைதானே, மாடல் கேட்டால் உண்டு. என் ஃபைலில் விரலி மஞ்சளுக்கு ஒரு பில் ஃபங்ஷன், கிழங்கு மஞ்சளுக்கு ஒரு பில் ஃபங்ஷன், ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தது. சாக்குக் கழிவு வரி இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்று. கிழங்குக்கு மாற்றச் சொல்லி, மாடல் அந்த ஒற்றை வரியை மட்டும் சர்ச்சில் போட்டால், மாறுவது விரலி. பொருந்தவில்லை என்பதற்கு அவ்வளவு கறாராக இருக்கும் கருவி, இரண்டு இடத்தில் பொருந்துகிறது என்பதற்கும் அதே கறாரைக் காட்டலாம். அந்த்ரோபிக் தன் க்ளாடு மாடலுக்கு வகுத்துத் தந்திருக்கும் திருத்தக் கருவியில் அப்படித்தான்: பழைய வரி ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை. க்ளாடு கோடு என்ற அவர்களுடைய ஏஜென்ட்டில், ஃபைலைப் படிக்காமல் திருத்தவே முடியாது என்றும் ஒரு விதி இருக்கிறது. எய்டர் இதில் பின்தங்கித்தான் இருக்கிறது. நான் செய்வது, சொல்லும்போதே 'கிழங்கு ஃபங்ஷனின் தலைப்பு வரியையும் சர்ச்சில் சேர்' என்று சொல்லிவிடுவது. சலிப்பான வேலை.

அப்புறம் ஹூக். கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை ஒன்றை வைத்திருக்கிறேன். பழைய ரசீது சிலவற்றை மறுபடி கணக்குப் போட்டு, பைசா பிசகினால் கமிட்டை நிறுத்தும். எய்டர் வந்த நிலையிலேயே விட்டால் இந்த ஹூக்கைத் தாண்டித்தான் கமிட் செய்யும். ஓட வேண்டும் என்றால் நாம்தான் அமைப்பில் சொல்ல வேண்டும். பாதுகாப்பான கருவி என்று ஒன்றைச் சொல்லும்போது இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பதிலுக்கு, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். சோதனைக் கட்டளையைக் கொடுத்து, தானாக ஓட்டவும் சொல்லிவைத்தால் அதையும் ஓட்டிப் பார்த்து, தோற்றால் மாடலிடம் திருப்பி அனுப்பும். இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஒரே பதிலில் ஐந்து துண்டு வந்து நாலு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால், நாலையும் போட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் மறுபடி கேட்கும். நடுவில் கொஞ்ச நேரம் ஃபைல் பாதி மாறிய நிலையில் இருக்கும். மூன்று முயற்சியும் தோற்று நின்றுவிட்டது என்றால் டிஃப் பார்க்காமல் எழுந்திருக்க வேண்டாம். தனிக் கூண்டும் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் ஃபோல்டரில், நேராக உங்கள் ஃபைலில்தான் எழுதும். ஓடிக்கொண்டிருக்கும் மண்டி சர்வரில் இதைத் திறக்கக் கூடாது என்று குறிப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்ல வைக்கலாம், அதற்கு அமைப்பு உண்டு. ஆனால் ஒரே விஷயத்துக்குத் தமிழ் இங்கிலீஷைவிட அதிகம் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிக்கொள்ளும் துண்டு) தின்னும், காசும் அதற்கேற்ப. நான் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ரசீதில் வரும் சொற்களை மட்டும் தமிழில் கொடுக்கிறேன்.

கொம்பையும் காலையும் சேர்க்கும் வேலையைப் பையன்களிடம் கொடுத்தேன். ஒரு சின்ன ஸ்கிரிப்ட், தனி கமிட், வேறு எதுவும் அதில் கலக்கக் கூடாது என்று சொன்னேன். டிஃப் திறந்தால் சிவப்பில் ஒரு வரி, பச்சையில் அதே வரி, பக்கம் பக்கமாக, கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாமல். ஹூக் ஓடியது, பைசா பிசகவில்லை. 'மொத்த கிலோ' இப்போது 'நிகர கிலோ'. அந்த மண்டியில் கோபால்கள் எல்லோரும் ஒரே தேடலில் வருகிறார்கள். இன்னும் இரண்டு மண்டி பாக்கி.